ஒரு ஆளுக்காக

காய்ச்சலில் காது போனபிறகு தமயந்தி எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டாள். படங்களில் அது கைகொடுக்கவில்லை. மற்றவர்கள் சிரிக்கும் இடத்தில் அவளும் சிரித்துவைத்தாள். போன் ரீசார்ஜோடு சேர்ந்து வந்த ஓடிடியில் தமிழ்ப் படங்களுக்கு சப்டைட்டில் கிடையாது. வேறொன்றில் எல்லாப் படத்துக்கும் வசனம் தமிழில் கீழே ஓடியது. அதைத் தனியாக எடுக்கலாமா என்று, ஞாயிறு மதியம் படம் பார்த்துக்கொண்டிருந்த கணவனிடம் கேட்டாள்.

சிவநேசன் அவள் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னான். "ஒரு ஆளுக்காக எடுக்கறது தண்டச் செலவு. இதுலயே பாக்காத படம் எவ்வளவோ கெடக்கு."

மகள் அனிச்சாவும் அப்பா சொல்வது சரி என்பதுபோல் தலையாட்டினாள். இருவரும் திரும்பப் படத்தில் ஆழ்ந்தார்கள்.

தமயந்தி ரிமோட்டை எடுத்து மியூட்டை அழுத்தினாள். திரையில் ஒரு பெண் அழுதபடி எதையோ சொன்னாள். அவள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன் விருட்டென்று எழுந்து வெளியே போனான்.

"அம்மா, சவுண்ட் வை. முக்கியமான சீன்," என்றாள் அனிச்சா.

சிவநேசன் கையை நீட்டினான். தமயந்தி ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்து அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"விளையாடாத தமயந்தி. அவ என்ன சொன்னா, அவன் ஏன் போறான், ஒண்ணும் புரியல."

அவன் பேசி முடிக்கும்வரை அவள் பொறுமையாக அவனையே பார்த்தாள்.

"இன்னும் பாதிப் படம் இருக்கு," என்றாள். "உக்காந்து பாருங்க."