கபடி மேட்டும் மவுஸ் பேடும்

கபடி அணி வைத்திருந்த முதலாளி, கம்ப்யூட்டர் கேம் ஆடும் அணி ஒன்றையும் வாங்கி, அதே பயிற்சிக் கூடத்தின் மூலையில் உட்கார வைத்தார். தரையில் விரிந்து கிடந்த கபடி மேட்டுக்கு வயிறெரிந்தது.

மேஜை மேல் புதிதாக வந்திருந்த மவுஸ் பேடைப் பார்த்து, "ஏண்டா, உன் மேல ஒரு சொட்டு வியர்வையாவது விழுமா? அதெல்லாம் ஒரு ஆட்டமா? உங்களை நம்பி என்னைச் சுருட்டி வைக்காம இருந்தா சரி" என்றது.

"எனக்கென்னண்ணே தெரியும்? நேத்துதான் பெட்டியிலேர்ந்து எடுத்தாங்க" என்றது பேட்.

கேம் அணிக்கு முதல் போட்டி வந்தது. கபடிக்காரர்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். களமிறங்கும் முன் மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். கேம் ஆட வந்த ஷர்மிளா, உட்காரும் முன் மவுஸ் பேடைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தரையிலிருந்து மேட் அதைப் பார்த்தது. ஆட்டம் சூடு பிடித்ததும் கேட்டது.

"டேய், அவ கை வியர்க்குதா?"

"சொட்டச் சொட்ட வியர்க்குதுண்ணே."

"அப்ப மேஜையை இறுக்கிப் பிடிச்சுக்கடா. நாம நகரக் கூடாது."