ஒகாபே செய்த கிண்ணம்

தும்மல் வந்தது. கிண்ணம் கையை விட்டுப் போனது.

தரையில் மூன்று துண்டுகள், ஒரு பிடி சுடுசோறு, நடுவில் நான்.

உடைந்தது என் மனைவி கிக்குயேயின் சோற்றுக் கிண்ணம். கல்யாணத்துக்காக நானே சக்கரத்தில் வனைந்து, வைக்கோல் சாம்பல் கரைத்த மெருகுக் குழம்பில் முக்கி, சூளையில் வைத்துச் சுட்ட ஜோடியில் சின்னது. பெரியது என்னுடையது.

ஒன்பது மணிக்கு யாமகுச்சி மருத்துவமனையில் அவளுடைய இதயத்தைத் திறக்கப் போகிறார்கள். அப்போது மணி எட்டு நாற்பது.

பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவன் நான். சளியும் காய்ச்சலுமாகப் போய் நின்றதில், மருத்துவமனை வாசலிலேயே நெற்றியில் சூடு பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய தங்கை உள்ளே போனாள். கிருமிகளும் நானும் எங்கள் ஊரான ஹகிக்குத் திரும்பினோம்.

சும்மா உட்கார முடியாமல் சோறு வைத்தேன். வெளியே போனவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமென்று, அவருடைய கிண்ணத்திலேயே சோறு போட்டு அவர் உட்காரும் இடத்தில் வைப்பது எங்கள் வழக்கம். அவளைக் காப்பாற்ற என்னால் முடிந்தது அவ்வளவுதான். அதைத்தான் இப்படிச் செய்து முடித்திருந்தேன்.

ஒருவருடைய சோற்றுக் கிண்ணத்தை நாங்கள் வேண்டுமென்றே உடைப்பது ஒரே ஒரு நாளில்தான். சவப்பெட்டி வாசல் தாண்டும்போது. உனக்கு இனி இங்கே சாப்பாடு இல்லை, திரும்பி வராதே என்று சொல்வதற்கு.

அப்பாவுடையதை நான்தான் உடைத்தேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

இப்போது கேட்டதும் அதேதான்.

முழங்காலிட்டுத் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தேன். சூளையில் கோணிப்போன கிண்ணங்களை ஆயிரக்கணக்கில் சுத்தியலால் நொறுக்கியவன் நான். ஒருநாளும் ஒன்றையும் ஒட்டவைக்க நினைத்ததில்லை. இந்த மூன்றையும் விளிம்போடு விளிம்பு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைபேசி அடித்தது. அவள்தான், வீடியோவில்.

துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, முடிந்தவரை சிரித்த முகத்தோடு எடுத்தேன். கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை.

"என்னங்க, தரையைக் காட்டறீங்க?" என்றாள்.

திரையில் அவள் முகம் சின்னதாக இருந்தது. தலையில் காகிதத் தொப்பி. கண்கள் அந்தத் துண்டுகளிலேயே நின்றன.

"தும்மல் வந்துடுச்சு கிக்குயே," என்றேன்.

அவள் மெல்ல மூச்சு விட்டாள்.

"சரி, ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது. ஒன்பது வருஷம் முன்னாடி உங்க வயித்துல கத்தி வச்சாங்களே, அன்னிக்குக் காலையில உங்க கிண்ணத்தை நான் போட்டு உடைச்சேன்."

"என்ன?"

"ஆமா. ஒகாபேகிட்ட ஓடிப்போய் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வாங்கினேன். அதுலதான் தின்னுட்டிருக்கீங்க."

ஒகாபே மேலத்தெருவில் சூளை வைத்திருப்பவன். நாற்பது வருடமாக நான் நல்ல வார்த்தை சொல்லாத ஒரே குயவன்.

"அவனா? அவனுக்குச் சாம்பல் கரைக்கவே தெரியாதே."

"தெரியாதவன் கிண்ணத்தைத்தான் ஒன்பது வருஷமா ஒரு பருக்கை விடாம வழிச்சுத் தின்னீங்க. மெருகுன்னா இதுடீன்னு எனக்கே பாடம் வேற." அவள் சிரித்தாள், மூச்சு வாங்கியது. "கிண்ணம் உடைஞ்சு செத்தா போயிட்டீங்க? மூக்கை உறிஞ்சற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. வைக்கிறேன், கூப்பிடறாங்க. அந்தச் சோத்தை முதல்ல கூட்டி அள்ளுங்க, காலை வச்சு வழுக்கி விழப்போறீங்க."

திரை அணைந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. வாசலில் வந்து உட்கார்ந்திருந்த சாவை ஒகாபேயின் பெயரைச் சொல்லி விரட்டிவிட்டாள். போயும் போயும் ஒகாபே.

அந்தப் பயல் எங்கே சொதப்பியிருக்கிறான் என்று கண்டுபிடித்தே தீருவதென்று என் கிண்ணத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துக் கவிழ்த்துப் பார்த்தேன்.

மெருகில் முக்கும்போது கிண்ணத்தை அடிப்பாகத்தில் விரல்களால் பிடித்துக்கொள்வோம். விரல் இருந்த இடத்தில் மெருகு ஏறாது. சுட்ட பிறகும் அந்தத் தடம் போகாது.

என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன். நான்கும் பொருந்தின. கோணலான என் நடுவிரலுக்குக் கோணலாகவே ஓர் இடம் இருந்தது.

ஒரு குயவனிடம் இந்தப் பொய் நிற்காது என்று கிக்குயேவுக்குத் தெரியாமல் இருக்காது. யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

போன பயம் திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தது.

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.

"பார்த்தேன். ஒகாபே நல்லாத்தான் செஞ்சிருக்கான்."

படித்துவிட்டாள் என்ற குறி இன்னும் வரவில்லை.

மணி ஒன்பது பத்துதான் ஆகிறது.