எப்சிபாவின் சாட்சி

சபையிலேயே சந்தோஷமான பொம்பளை என்று பேர் வாங்கியவள் எப்சிபா. கர்த்தர் தனக்குச் செய்ததை அவள் சாட்சி சொல்ல எழுந்தாலே ஜனங்கள் முகம் மலர்ந்து நிமிர்ந்து உட்காருவார்கள். இந்த ஞாயிறு உள்ளதைச் சொல்லிவிடுவது என்று எழுந்தாள்.

"மூணு வருஷமா நான் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினா..."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

"இல்ல, கேளுங்க. அந்தப் பக்கம் யாரும் இருக்கிற மாதிரியே தெரியல. ஏங்கி ஏங்கி நெஞ்சே காஞ்சு போச்சு..."

அவள் குரல் உடைந்ததும், வழக்கமான ஆனந்தக் கண்ணீர்தான் என்று நினைத்து, கீபோர்டுக்காரன் மெதுவாக வாசிக்கத் தொடங்கினான். "ஆவியானவரோட அபிஷேகம் இறங்குது, கைகளை உயர்த்துங்க!" என்றார் பாஸ்டர். நூறு கைகள் உயர்ந்தன. மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. எப்சிபா உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து, போன மாதம் புருஷனை அடக்கம் பண்ணிய சுகிர்தம் எழுந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எப்சிபாவையே பார்த்தாள்.

"அக்கா சொன்ன மாதிரிதான். எனக்கும் இப்பல்லாம் ஜெபம் பண்ணினா..."

"ஸ்தோத்திரம்!" என்று ஒரு குரல் எல்லோரையும் முந்திக்கொண்டு எழும்பியது. அது தன்னுடைய குரல் என்று எப்சிபாவுக்கு உறைத்தபோது கீபோர்டு தொடங்கியிருந்தது.