முந்நூறு தலைமுறை

கரமனை வீட்டில் வெங்கடகிருஷ்ணன் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தன் மகன் ஜெயந்தோடு ஸ்மிதாவைப் பெண் பார்க்க வந்திருந்த வாலாம்பாள், "எங்காத்துல பதினோரு தலைமுறை பேர் சொல்லுவோம்" என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்காத்துல முந்நூறு!" என்று தன் மகள் ஸ்மிதாவின் பிரின்டரிலிருந்து எடுத்த காகிதக் கத்தையை நீட்டினார். "அவ எழுதின புரோகிராம். பேரைக் கொடுத்தா அப்பா, தாத்தான்னு மேலே தேடிண்டே போகும். பாருங்கோ, வெங்கடகிருஷ்ணன், அப்பா சுப்பிரமணியன், அவர் அப்பா வெங்கடகிருஷ்ணன், அவர் அப்பா சுப்பிரமணியன்... தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் ஒரு தடவைகூடத் தப்பலை!"

வாலாம்பாள் கத்தையை வாங்கி மகனிடம் கொடுத்தாள். ஜெயந்த் கடைசிப் பக்கத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

காபியோடு வந்த ஸ்மிதா பதறினாள். "ஐயோ அப்பா, அதை ஏன் எடுத்தேள்?"

"மாமா, இது வம்சாவளி இல்லை" என்றான் ஜெயந்த், சிரிப்பை அடக்க முடியாமல். "புரோகிராம் தடுமாறி விழுந்தா, எந்த வழியா வந்து விழுந்ததுன்னு வரிசையா அச்சடிக்கும். கால் ஸ்டாக்னு பேரு. பேர் ஒண்ணா இருக்கறதால உங்களையும் உங்க தாத்தாவையும் ஒரே ஆள்னு நினைச்சுண்டு, சுத்திச் சுத்தி மயங்கி விழுந்திருக்கு. அதைப் பொறுத்தவரை உங்களுக்கு நீங்களேதான் தாத்தா!"

வாலாம்பாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ உங்க பாட்டி உங்களுக்கு என்ன வேணும்?"

வெங்கடகிருஷ்ணனின் முதுகு வளையவில்லை.

"அதையெல்லாம் சரி பண்றது இனிமே மாப்பிள்ளை பொறுப்பு" என்றார்.