சுப்பராயனின் காது

கண்களை மூடித் தாளத்துக்கு ஏற்பத் தலையசைத்துக்கொண்டிருந்த சுப்பராயன், வலக்கையை உயர்த்திச் சுற்றிலும் இருந்தவர்களை அடக்கினார். "இதுக்குப் பேருதான் கை வேலை. லேப்டாப்ப மட்டும் வச்சிக்கினு இருக்கறவனுக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது."

தடக், தடக் என்று நெஞ்சுக்கூட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது தாளம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பை அடித்து உருக்கொடுக்கும் ஆலையொன்றின் நிர்வாக அதிகாரி சுப்பராயன். ஆண்டு விழாவுக்கு எந்த டி.ஜே. என்பதை முதலாளியின் முன்னிலையில் அவர் அன்று முடிவு செய்தாக வேண்டும்.

சென்ற ஆண்டு அவர் தேடிப் பிடித்து வந்த டி.ஜே., லேப்டாப்பில் பாட்டுகளை வரிசையாக ஓடவிட்டுவிட்டுப் பிரியாணிப் பந்தியில் போய் அமர்ந்துகொண்டான். "உனக்கெல்லாம் காதுன்னு ஒண்ணு இருக்குதாய்யா?" என்று முதலாளி பரசுராமன் ஒலிபெருக்கியிலேயே கேட்டார். இம்முறையும் சறுக்கினால் விழாப் பொறுப்பு கணக்குப் பிரிவுப் பூமிகாவின் கைக்குப் போய்விடும்.

இழந்த காதை மீட்கும் பொருட்டு, சுப்பராயன் பல மாதங்களாக டி.ஜே.க்களின் காணொளிகளைப் பார்த்துப் பார்த்துத் தம்மைத் தாமே தேர்ச்சி பெற்றவராக்கிக்கொண்டிருந்தார்.

ஆரம்பாக்கத்திலிருந்து சாமான்களோடு வந்திருந்த விக்டோரியா, கேன்டீன் கூடத்து மேசைமேல் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளையும், நடுவே ஒலியைக் கலக்கும் மிக்ஸரையும், ஓரத்தில் லேப்டாப்பையும் வைத்திருந்தாள். அவளுடைய கணவன் யேசுதாஸ் மேசைக்கு அடியில் ஒயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவளோ குனிந்த தலை நிமிராமல், ஒரு தட்டை விரல் நுனியால் முன்னும் பின்னும் சுழற்றியபடி இருந்தாள்.

"லேப்டாப்பு எதுக்கும்மா ஊடால?" என்று ஐயத்துடன் கேட்டார் சுப்பராயன்.

"பாட்டெல்லாம் அதுலதான் சார் இருக்குது. இந்தத் தட்டுல பாட்டு கெடையாது. தட்ட நான் எப்பிடித் திருப்பறனோ, அதப் பாத்துக்கினு லேப்டாப்பு பாட்டத் திருப்பும். பழசும் புதுசும் சேந்தாதான் சார் வேலைக்கி ஆவும்."

"சேரட்டும், வாணான்னு சொல்லல. ஆனா கை முந்தணும், லேப்டாப்பு பிந்தணும்."

"செரி சார். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும், இப்ப வந்து..."

"நீ வாயத் தொறக்காத. கை நல்லாப் பேசிக்கினு இருக்குது, அத ஏன் கெடுக்கற?"

அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தட்டுக்குத் திரும்பினாள்.

கேன்டீன் ஊழியர் கலியன் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். தமக்குரிய சாப்பாடு அடுக்கு கேரியரில் அறைக்கே வந்துவிடுமாதலால், அத்தனை ஆண்டு உத்தியோகத்தில் சுப்பராயன் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் முறை. தம்ளருக்குள் தேநீர் வட்டம் வட்டமாக நடுங்குவதைக் கண்டு அவர் மெய்சிலிர்த்தார்.

"பாத்தியாய்யா, டீ கூட ஆடுது. அடித்தொண்டைச் சத்தம், இதான் பேஸு."

"அது டெய்லியும் ஆடும் சார்."

"உனக்கு இன்னா தெரியும்? நீ போய் வடையப் பாரு."

கலியன் போனார். போகும்போது அவருடைய தோள்கள் குலுங்கியது இருமலாலா சிரிப்பாலா என்று ஆராயச் சுப்பராயனுக்கு நேரமில்லை. வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றுவிட்டது. மாதத்தில் ஒரு நாள் சென்னையிலிருந்து வந்து, குளிரூட்டிய அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதே காரில் திரும்பும் பரசுராமன், கேன்டீன் படிகளில் யோசனையோடு ஏறினார்.

"எப்பிடிய்யா, இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா இருக்குதா?"

"நீங்களே கேளுங்க சார். ஒவ்வொரு அடிக்கும் நடுவுல ஒரு மூச்சு வுடுது பாருங்க. மிஷினா இருந்தா அந்த மூச்சு வராது சார். மனுசக் கை."

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் முதலாளிகளுக்கு இல்லாமையால், அவரும் கண்களை மூடி, பளபளப்பான காலணியால் தரையைத் தட்டினார்.

"ஆமாய்யா. உயிரு இருக்குது."

"மனச அப்பிடியே தூக்குது இல்ல சார்?"

"தூக்குது, தூக்குது." கண்ணைத் திறந்து சுப்பராயனின் தோளில் தட்டினார் முதலாளி. "போன வருஷம் ஏதோ கோவத்துல பேசிட்டன்யா. மனசுல வச்சிக்காத. இந்தப் பொண்ணையே போட்டுடு. விழா இனிமே உன் பொறுப்புதான், பூமிகா கிட்ட நான் சொல்லிக்கறேன்."

சுப்பராயனின் கண்கள் கலங்கின. ஆறாத புண்ணொன்று அந்தக் கணத்தில் ஆறியது.

அப்போது ஆலையின் நண்பகல் சங்கு நீளமாக ஊதி ஓய்ந்தது. தாளமும் நின்றது. விக்டோரியாவின் விரல் மட்டும் தட்டைச் சுழற்றுவதை நிறுத்தவில்லை.

முதலாளி புருவத்தைச் சுருக்கினார். "இன்னாய்யா இது, கை சுத்திக்கினே இருக்குது, சத்தத்தக் காணோம்?"

"அங்கதான் சார் நிக்கறா இவ! எங்க நிறுத்தணும்னு தெரியுது பாருங்க. இத்தனை நாளு எத்தினியோ பேரப் பாத்தேன், இந்த எடத்துல எல்லாருமே கோட்ட வுட்டுட்டானுங்க."

மேசைக்கு அடியிலிருந்து தூசியும் வியர்வையுமாக எழுந்த யேசுதாஸ், ஒயரின் நுனியை மனைவியிடம் நீட்டினான். இப்போது தன்னைத் தடுக்க யாரும் வாய் திறக்காததை உறுதி செய்துகொண்டு, விக்டோரியா மெல்லக் கேட்டாள்:

"சார், செவுத்துக்கு அந்தாண்ட ஒங்க சுத்தியல் மிஷினு சாப்பாட்டுக்கு நின்னுடிச்சி, இப்பவாச்சும் பிளக் பாயிண்ட் எங்கன்னு காட்டுனா, நாங்க ஆரம்பிக்கறோம்."