பொறியா, நடுக்கமா

இருட்டறையில் இருவர்தான்: நுண்ணோக்கி முன்னால் ராஜஸ்ரீ, மேசையின் மறுபுறம் இழுவைக் கருவியோடு கைலாஷ். மூலையில் தம்பானூர் மழையில் நனைந்த இரண்டு குடைகள் சொட்டுகின்றன. ரப்பர் தாளில் ஒட்டிய இதயத்தசை செல்லை இழுத்தால் உள்ளே கால்சியம் பச்சைப் பொறியாகத் தெறிக்கிறது என்று அவள் எழுதிய கட்டுரைக்கு, ‘பொறியா, வெறும் நடுக்கமா?’ என்று ஆய்விதழ் கேட்டிருக்கிறது. சோதிக்கத்தான் இப்போது செத்த செல்களை இழுக்கிறார்கள். பொறி வரக்கூடாத அவையும் மினுங்குகின்றன. தலை குனிந்த ராஜஸ்ரீயின் கண்ணில் படுகிறது, மேசைக்காலில் இடித்தபடி ஆடும் கைலாஷின் முழங்கால். “காலாட்டாதேன்னு உங்கம்மா சொல்லித் தரலையா?” “சொன்னா சேச்சி. குடும்பத்துக்கு ஆகாதுன்னுதான் சொன்னா, கால்சியத்துக்கு ஆகாதுன்னு சொல்லலையே!” அவன் நாற்காலியில் சம்மணமிடுகிறான். மேசை ஆடாமல் மறுபடி இழுத்தால், செத்தவை இருண்டே கிடக்கின்றன. உயிருள்ளவற்றை வைத்து இழுக்கிறார்கள். ஒரு பொறி, பின் கொத்தாகப் பொறிகள். “இழுக்கறது வெளியே, உள்ளே இருக்கற கால்சியத்துக்கு யார் போய்ச் சொல்றா?” என்று முணுமுணுத்துக்கொண்டே ராஜஸ்ரீ ஆய்விதழுக்குத் தட்டச்சு செய்கிறாள்: ‘நடுக்கமும் இருந்தது, பொறியும் இருக்கிறது. பழைய படங்களை நீக்கிவிடுங்கள், புதியவற்றை இணைத்துள்ளேன்.’ கைலாஷ் காலைக் கீழே இறக்குவதற்குள் கடிதத்தை அனுப்பிவிடுகிறாள்.