வாசல் சிகரெட்

"புகைவண்டி வந்துடுச்சு டாக்டர்!"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த உதவியாளர் உள்ளே குரல் கொடுத்தாள். பல் மருத்துவமனையின் வாசல் சுவரோரம், முதுகைக் காட்டி நின்று, பெரியவர் ஒருவர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"பல் டாக்டர் வாசல்லயே நின்னு ஊதுறாரே, எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க!"

டாக்டர் நிமிரவில்லை. "வரட்டும்."

ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதே கூத்துதான்.

பெரியவர் ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர் சங்கத் தலைவர். அவர் வாயைத் திறந்தால் ஆலை நிற்கும் என்பார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். இப்போது ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடி. சங்கம் இருந்த அறையில் செல்போன் கடை. ஊருக்காகக் கத்திய தொண்டையை மறக்க ஊருக்கு இரண்டு தேர்தல் போதும்.

முதல்முறை அவர் வந்தபோது கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு. ஈறு இறங்கி, கீழ்வரிசைப் பற்கள் ஆடின. சதை எடுத்துச் சோதித்ததில், "இன்னும் புற்றாகலை" என்று வந்தது. அந்த 'இன்னும்' என்ற சொல்லை டாக்டர் அழுத்திச் சொன்னார்.

"சிகரெட்டை விடுங்க. விடுறவரைக்கும் வாரா வாரம் வந்து வாயைக் காட்டணும். இது என் உத்தரவு."

அன்றிலிருந்து ஒரு வியாழன்கூட அவர் தவறவில்லை. சிகரெட் நாற்றமும்தான்.

இன்றும் அந்த நாற்றத்தோடு உள்ளே வந்து, காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, சட்டையெல்லாம் நாறுது. உங்களுக்கு வெட்கமாவே இல்லையா?" என்றாள் உதவியாளர்.

"வெட்கப்பட்டிருந்தா சங்கம் நடத்தியிருக்க முடியுமாம்மா?"

"மெல்றதுக்கு நிக்கோட்டின் கம் குடுத்தோமே?"

"மென்னேன்."

"ஆசை வந்தா பத்து நிமிஷம் தள்ளிப் போடுங்க, தண்ணி குடிங்க, ஒரு நடை நடந்துட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னாங்களே?"

"தள்ளிப் போட்டேனே. எங்க கோரிக்கையை நிர்வாகம் தள்ளிப் போட்ட மாதிரி, நல்லாவே தள்ளிப் போட்டேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீட்டுல உங்களை யாரும் கேக்க மாட்டாங்களா?"

"வீட்டுல சுவர் இருக்கும்மா. நான் பேசுறதெல்லாம் பொறுமையாக் கேக்கும். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாது. அதுதான் குறை."

"இந்தப் பேச்சுக்கொண்ணும் குறைச்சல் இல்ல. வலியோட வர்றவங்க எத்தனை பேர் காத்துக் கிடக்கிறாங்க தெரியுமா? இனிமே உங்களை உள்ள விடவேணாம்னு டாக்டர்கிட்ட இன்னிக்கே சொல்லிடப் போறேன்."

பெரியவரின் முகம் சட்டென்று வாடியது.

"ஒருவேளை... சிகரெட்டை விட்டுட்டேன்னு வச்சுக்கோ?"

"விட்டுட்டா வாரா வாரம் எதுக்கு வரணும்? ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்."

"ஆறு மாசமா?"

ஆலையையே நிறுத்திய மனிதர், சுவரிலிருந்த பற்பசை விளம்பரத்தை வெறித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு குடும்பமே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவருடைய முறை வந்தது.

"வாயைத் திறங்க" என்றார் டாக்டர்.

விளக்கைத் திருப்பினார். கண்ணாடியை நுழைத்துப் பல் பல்லாகப் பார்த்தார். கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, எதையும் விடவில்லை. பார்த்துக்கொண்டே திட்டினார்.

"எந்த முதலாளிக்கும் வளையாத ஆளு! சிகரெட் கம்பெனி முதலாளிக்கு மட்டும் கப்பம் கட்டுறீங்களே, அசிங்கமா இல்ல? பல்லும் போய், நாக்கு ருசியும் போய், கன்னத்தையும் வெட்டி எடுத்த பிறகுதான் புத்தி வருமா?"

வாயைத் திறந்தபடி கிடந்த பெரியவரின் கண்கள் மட்டும் சிரித்தன.

"கேக்கிறேன்ல? விட்டீங்களா, இல்லையா?"

பெரியவர் ஒரு கணம் கதவுப் பக்கம் நின்ற உதவியாளரைப் பார்த்தார்.

"இல்லை டாக்டரம்மா."

"அப்ப அடுத்த வியாழனும் வந்து நில்லுங்க."

"வந்துடுறேன்!"

நாற்காலியை விட்டு இறங்கி, மேடையிலிருந்து இறங்குபவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

உதவியாளர் பொறுக்க முடியாமல் வெடித்தாள். "இன்னும் எத்தனை நாளைக்கு டாக்டர் இந்த ஆளோட மல்லுக்கட்டப் போறீங்க? ஜென்மத்துக்கும் திருந்த மாட்டார்!"

"வாசல் சுவர்மேல அவர் வச்சுட்டுப் போன சிகரெட் இருக்கும். எடுத்துட்டு வா."

முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். சுவரின் மேல் அது கிடந்தது. எரிந்த சாம்பல் உதிராமல், முழு நீளத்துக்கும் அப்படியே படுத்திருந்தது. மிச்சமிருந்த பஞ்சு முனையை எடுத்துப் பார்த்தாள். ஈரமில்லை. பல் தடமில்லை. புகை இழுத்த பழுப்புக் கறைகூட இல்லை. புதுப் பஞ்சாக வெள்ளையாக இருந்தது.

ஓடி வந்தாள். "டாக்டர், இதுல உதடே படலை! கையில பிடிச்சுத் தீக்குச்சியிலயே காட்டி எரிச்சிருக்கார்!"

"அவர் பல்லுல புதுக் கறை படிஞ்சே மாசக்கணக்காச்சு. கன்னத்துல இருந்த திட்டும் மறைஞ்சுடுச்சு."

"அப்ப விட்டுட்டாரா? இவ்வளவு கஷ்டப்பட்டு விட்டதைப் போய் யாராவது மறைப்பாங்களா?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"விடுறவரைக்கும்தான் வாரா வாரம்னு அன்னிக்கே நான் சொல்லிட்டேன். விட்டவருக்கு நாம என்ன பரிசு தருவோம்னு இன்னிக்கு நீயும் சொன்னியே, உள்ள வரைக்கும் கேட்டுது. 'ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்'னு!"